திருச்செல்வம் சொல்லாத தகடு

1

இந்தக் கதை எனக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் கிடைத்தது. பக்கத்து மேசையில் ஒருவன் தன் மனைவியைக் காட்டி நண்பர்களிடம், "பிரேக்குனு நெனச்சு மின்யாக்க அமுக்கிட்டா லா! நேரா தூண்லயே கொண்டுபோய் வச்சிட்டா!" என்றான். (மின்யாக் என்றால் எங்கள் பேச்சில் ஆக்சிலரேட்டர்.) மேசையே சிரித்தது. அவள் மட்டும் குனிந்து அவனுடைய ஷூவைப் பார்த்தாள். என்ன பார்வை அது! எனக்குச் சோறு இறங்கவில்லை. மற்றதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: 'திருச்செல்வம் நல்லவன்தான், ஆனால்...'

(அடித்துவிட்டேன். நல்லவன் என்று ஆரம்பித்தால் கடைசிவரை அவனுக்கு வக்காலத்து வாங்க வேண்டிவரும்.)

இரண்டாவது: கிள்ளான்காரன் திருச்செல்வத்துக்குத் தன் பழைய ஸ்போர்ட்ஸ் கார்தான் உயிர். வளைவு வந்தால் வலது முன்பாதத்தால் பிரேக்கை மிதித்தபடியே, அதே காலின் ஓரத்தால் மின்யாக்கை ஒரு தட்டுத் தட்டி, இடது காலால் கிளட்சை மிதித்து, கியரை இறக்குவான்.* வண்டி குலுங்கவே குலுங்காது. ஆனால் மின்யாக் பெடல் தாழ்வாக இருந்தது, காலோரம் சரியாக எட்டவில்லை. அதனால் அதன்மேல் ஓர் அலுமினியத் தகட்டை உயர்த்தி முடுக்கினான். அவனுடைய ஒல்லி ஷூவுக்கு அளவெடுத்தது.

* ஹீல் அண்ட் டோ என்பார்கள். பெயர்தான் குதிகால், முக்கால்வாசி நேரம் உழைப்பது காலின் ஓரம். பெயர் ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு. அந்த வீட்டிலும் அப்படித்தான்.

3

மனைவி ஷாமினியிடம் அவன் தகட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவள் ஸ்ரீ கெம்பாங்கான் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தன் கார் கெட்டுப்போன அன்று, அகலமான சேஃப்டி ஷூவோடு அவனுடைய ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துப்போனாள். கார் பார்க்கில் பிரேக்கை மிதித்தாள். ஷூவின் ஓரம் தகட்டையும் சேர்த்து அமுக்கியது. வண்டி சீறிப்போய்த் தூணில் மோதியது. அவளுக்கு முட்டி உடைந்தது.

இழுவை லோரி வருவதற்குள் திருச்செல்வம் வந்து தகட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். "பதட்டத்துல மாத்தி மிதிச்சிட்டே, விடு," என்றான். படுபாவி! அவளும் நம்பிவிட்டாள். (பிறகு ஏன் வாழையிலைக் கடையில் அவனுடைய ஷூவைப் பார்த்தாள்? எனக்கே தெரியவில்லை.) இப்போது ரயிலில்தான் வேலைக்குப் போகிறாள். ஸ்டீயரிங் பக்கமே போவதில்லை.

4

பட்டறையிலிருந்து வண்டி வந்ததும் தகடு மறுபடி ஏறியது. திருச்செல்வத்தின் அம்மா வீரம்மா கோயில் வாசலில் வண்டிக்குப் பூசை வைத்தார். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம்.

"இடிச்சவதான் பழத்த நசுக்கணும், அப்பதான் தோஷம் கழியும். ஏறும்மா."

வேலையிலிருந்து நேராக வந்திருந்த ஷாமினி அதே சேஃப்டி ஷூவோடு ஏறினாள். வீரம்மா வண்டிக்கு முன்னால் நின்று போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார்.

5

முடிவு அ: 'ஷாமினி, எறங்கு! அந்தத் தகடு...' என்று அவன் கத்துகிறான். எழுதிப் பார்த்தேன். பச்சைப் பொய். அத்தனை பேர் முன்னால் தலைகுனிய அவனுக்கு மனசு வராது.

முடிவு ஆ: அவளே குனிந்து தகட்டைக் கண்டுபிடித்து

(நிறுத்திவிட்டேன். அந்த வேலையையும் அவள் தலையிலேயே கட்டுவதா?)

ஆகவே, எழுதியவரை இதுதான். ஷாமினி கண்ணாடியை இறக்கினாள்.

"பயமா இருக்குங்க. ஏதாச்சும் சொல்லுங்க."

அவன் அவளுடைய ஷூவைப் பார்த்தான். முன்னால் நின்ற அம்மாவைப் பார்த்தான். சுற்றி நின்ற சொந்தக்காரர்களையும் பார்த்தான்.

"ஒன்னும் ஆகாது லா. இந்த வாட்டியாச்சும் பிரேக்க பாத்து மிதி."

அடுத்த வாக்கியத்தை நான் எழுதமாட்டேன். எழுதினால் அவள் கால் இறங்கும். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் உங்கள் பக்கத்தில்தான் நிற்கிறான். உங்களால் முடிந்தால் அவனைப் பேச வையுங்கள்.