போனது ரெண்டு, வந்தது ரெண்டு

கண்டக்டருக்கு அந்தக் கைடை முதல் பார்வையிலேயே பிடித்துப்போனதற்குக் காரணம், அவன் அவர்களை எண்ணியதுதான். ஓட்டல் வாசலில் வணக்கம் சொன்னான். குளிருக்கு ஆளுக்கொரு சாம்பல் நிறச் சால்வையைக் கொடுத்தான். காரில் ஏற்றியதும் விரலை நீட்டி, "ஒண்ணு, ரெண்டு" என்றான். புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். அதை எண்ணிப் பார்க்கிறவனை வேறு யாராவது என்றால் கேலி செய்திருப்பார்கள். கண்டக்டருக்கோ வாயெல்லாம் பல்.

முப்பத்திரண்டு வருஷம் டவுன் பஸ்ஸில் விசில் ஊதிய மனிதர் அவர். ஓய்வு பெற்று எட்டு மாதம்தான் ஆகிறது. அறுபது முடிந்த சந்தோஷத்துக்கு மகள் செய்த ஏற்பாடு இந்த வெளிநாட்டுப் பயணம். பாஷை புரியாத, கண்ணுக்கெட்டிய வரை கட்டடமாக நிற்கிற ஊர் என்பதால், தமிழ் பேசுகிற தனி கைடு ஒருவனையும் அவளே போனில் தேடிப் பிடித்து அமர்த்தியிருந்தாள். அம்மாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் நாலு தடவை சொன்னாள். எனக்கே சொல்கிறாயா, ஒரு பஸ் ஜனத்தையே பத்திரமாகக் கொண்டுபோய் விட்டவன் நான் என்று கண்டக்டர் அவள் வாயை அடைத்துவிட்டார்.

கண்டக்டர் கைடுக்குப் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். மனைவி பின்னால். இருபத்தெட்டு வருஷமாக வீட்டில் தையல் மெஷின் மிதித்துத் தெருவுக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள். ஜன்னல் வழியாகத் தெரிந்ததையெல்லாம் அவள் ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இவர் "ம்" கொட்டினார். அந்த "ம்" எப்படிப்பட்டது என்று கல்யாணமான பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்குப் பழைய நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சுற்றிலும் உயரமான மதில், உள்ளே நுழைய ஒரே ஒரு வாசல். வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், மடியில் நோட்டு. அவள் இவர்கள் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நோட்டில் இரண்டு கோடு போட்டாள்.

"இங்க பேர் ஊர் எதுவும் கேக்க மாட்டாங்க ஐயா" என்றான் கைடு. "எத்தனை தலை உள்ள போகுதோ அத்தனை தலை வெளிய வரணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அது ஒண்ணுதான் சட்டம்."

கண்டக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு ஊரா! தன் தொழில் ரகசியத்தை அவனிடம் அவிழ்த்துவிட்டார். கூட்டமான பஸ்ஸில் முகத்தைப் பார்த்தால் எண்ணிக்கை தப்பிவிடும், இவன் யார், இவளை எங்கே பார்த்தோம் என்று புத்தி அலையும். தலையை மட்டும் பார்க்க வேண்டும். செக்கிங் எந்த ஸ்டாப்பில் ஏறினாலும் டிக்கெட்டும் தலையும் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கும், தன் சர்வீஸில் ஒரு நாளும் பிசகியதில்லை என்று மார்தட்டினார். கைடு சிரித்தான். தானும் அப்படித்தான், ஆளைப் பார்ப்பது தன் வேலை இல்லை என்றான்.

உள்ளே சந்துகள் ஒன்றுக்குள் ஒன்று போய்க்கொண்டே இருந்தன. கடிகாரக் கடை, சாவிக் கடை, பொத்தான் கடை. கடைக்கு ஒரு விளக்கு எரிந்தது, வியாபாரம் நடந்ததாகத் தெரியவில்லை. படிகளிலும் சுவரோரங்களிலும் ஆணும் பெண்ணுமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் தோளிலும் அதே சாம்பல் சால்வை. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டவர்கள் மாதிரி, போகிற வருகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

பொத்தான் கடை முன்னால் மனைவி நின்றுவிட்டாள். "என்னங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்" என்றாள். கண்டக்டர் அப்போது மழைநாளில் ஃபுட்போர்டு கூட்டத்தை எண்ணிய கதையில் இருந்தார். முன்னால் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டி, வா வா என்று ஆட்டினார். இன்னொரு தடவை "என்னங்க" என்று கேட்டது. இன்னொரு தடவை கையை ஆட்டினார். பிறகு பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வந்துவிட்டாள் என்று கதையைத் தொடர்ந்தார்.

வாசலில் கைடு திரும்பி, "ஒண்ணு, ரெண்டு" என்றான். கண்டக்டரும் கடைக்கண்ணால் பார்த்து மனசுக்குள் எண்ணிக்கொண்டார். தன் தலை, சால்வை போர்த்திய தலை. கணக்கு சரி. ஸ்டூல் பெண் இரண்டு கோட்டையும் அடித்தாள்.

காரில் பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. பொத்தான் வாங்கித் தராத கோபம் என்று நினைத்துக்கொண்டார் மகானுபாவர். ஓட்டலில் இறங்கி, அறைச் சாவியைப் பின்னால் நீட்டி, நீ மேலே போ, நான் ஒரு காபி குடித்துவிட்டு வருகிறேன் என்றார். ஒரு கை வந்து சாவியை வாங்கியது. நடுவிரலில் ஊசி குத்திக் குத்திக் காய்த்த தடம் இருக்க வேண்டும். இல்லை. அது வேறு யாருடையதோ கை.

கண்டக்டர் நிமிர்ந்து பார்த்தார். அதே உயரம், அதே வயசு, அதே சால்வை. அவர் மனைவி இல்லை.

"கோவிச்சுக்காதீங்க" என்றாள் அந்தப் பெண், நல்ல தமிழில். "பதினோரு வருஷமா உள்ள இருந்தேன். எங்க வீட்டுக்காரர் போன்ல பேசிக்கிட்டே முன்னால போனாரு. அவர் பின்னால வேற ஒருத்தி வெளிய போயிட்டா. அவருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியுமோ தெரியாதோ."

கண்டக்டர் வெளியே ஓடிப்போய்க் கைடின் சட்டையைப் பிடித்தார். அவன் கொஞ்சமும் அசையவில்லை.

"போனது ரெண்டு, வந்தது ரெண்டு. ஆள் மாறினதைப் பாக்கறது என் வேலை இல்லைங்க. உங்க வேலையும் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மனைவியை எப்படி மீட்பது என்று கேட்டார். ஐந்து மணிக்கு வாசல் மூடிவிடும், அதற்குள் ஒருவர் உள்ளே போனால் ஒருவர் வெளியே வரலாம் என்றான். இந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு போய்த் தள்ளினால் மனைவி வந்துவிடுவாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அவள் சாவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஓட்டலின் கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு பயணியையும் நடுவழியில் இறக்கிவிட்டதில்லை. இன்றைக்கும் கை வரவில்லை. வண்டியை எடு என்றார்.

ஸ்டூல் பெண் ஒரு கோடு போட்டாள்.

மணி நாலரை. பொத்தான் கடை வாசலில் மட்டும் பத்துப் பதினைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். கண்டக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சாம்பல் சால்வைக்கு மேலே எல்லா முகமும் ஒரே முகமாகத் தெரிந்தது. அவள் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். காபி டம்ளர் நீட்டுகிற கை வந்தது, மெஷின் மேல் குனிந்த முதுகு வந்தது, குரல் வந்தது. முகம் வரவில்லை. கூடத்துக் கல்யாண போட்டோவில் இருக்கிற இருபது வயசுப் பெண்தான் திரும்பத் திரும்ப வந்தாள். மச்சம் இருக்கிறது, தெரியும். அது இடது கன்னமா, வலது கன்னமா? கடவுளே, எதையெல்லாம் எண்ணி வைத்திருக்கிறேன், இதைப் பார்த்து வைக்காமல் போனேனே என்று அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இந்தாம்மா" என்று கூப்பிட்டார். சந்தே திரும்பிப் பார்த்தது. அத்தனை பேரையும் அவரவர் புருஷன் அப்படித்தான் கூப்பிட்டிருப்பான் போலிருக்கிறது.

கல்யாணப் பத்திரிகையில் படித்தபின் வாயால் சொல்லியே இராத அவள் பெயரைச் சொல்லி, தொண்டை கிழிய ஒரு தடவை கூப்பிட்டார். சந்தின் கோடியில் ஒருத்தி எழுந்தாள். கிட்டே வந்தாள். இடது கன்னம்.

கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். ஓடும்போதே, நான் போகிறபோது ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்திருக்கக்கூடாதா என்று கேட்டார். கேட்கவே வெட்கமாக இருந்தது.

"ரெண்டு தடவை கூப்பிட்டேன்" என்றாள் அவள். "அப்புறம் அவ உங்க பின்னால நடக்க ஆரம்பிச்சா. நான் கூப்பிடலை. இப்பத் திரும்பிப் பாப்பீங்க, இப்பப் பாப்பீங்கன்னு நின்னேன். வாசல் வரைக்கும் நீங்க பாக்கலை."

ஸ்டூல் பெண் ஒரு விரலைக் காட்டினாள். ஒருவர்தான். அவர் மனைவியை முன்னால் தள்ளினார். மகள் காத்திருப்பாள், நீ போ என்றார். அவள் நகரவில்லை. நீங்கள் போங்கள், இங்கே பொத்தான் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவேன் என்று சொல்லும்போது அவள் உதடு கோணியது. அவர் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் நிதானமாகப் பார்த்தார். பிறகு ஒரே தள்ளாகத் தள்ளி வெளியே அனுப்பிவிட்டார். ஸ்டூல் பெண் கோட்டை அடித்து, நோட்டை மூடினாள்.

கைடு அவளுக்குக் கார் கதவைத் திறந்தான். அவள் ஏறாமல் திரும்பினாள்.

கண்டக்டர் கையைத் தூக்கி ஆட்டினார். அவருக்குப் பக்கத்திலும் பின்னாலும் நின்ற அத்தனை பேரும், தங்களைத்தான் பார்க்கிறாள் என்று கையைத் தூக்கி ஆட்டினார்கள். வாசல் நிறையச் சாம்பல் சால்வை. அவள் ஒரு கோடியிலிருந்து முகம் முகமாகத் தேடிக்கொண்டு வந்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பார்வை அவர்மேல் வந்தது. நிற்கவில்லை. அடுத்த முகத்துக்குப் போய்விட்டது.