உப்பு தள்ளும் ஜீப்

மரக்காணம் உப்பளத்தை ஒட்டியிருக்கும் தொழிற்பயிற்சி நிலையத்தின் ஜீப் டீசல் இல்லாமல் ஓடுகிறது. புகைக்குழாய் வழியாக நாளொன்றுக்கு ஒன்றரைப் படி உப்பைத் தள்ளுகிறது. நல்ல உப்புதான். விடுதிச் சமையலுக்கு அதுவே போகிறது.

எல்லாம் ஒரு தப்பில் ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப் டெக்னீஷியன் தனக்கோடியின் வேலை, காலையில் ஸ்பேனர்களை எடுத்துக் கொடுப்பது, மாலையில் திரும்ப வாங்கி உப்புக்காற்றுக்குப் பயந்து கிரீஸ் தடவி வைப்பது. பாடம் நடத்துவது வேறு ஒருவர். அவர் நடத்தி முடித்ததும் பிள்ளைகள் சந்தேகம் கேட்பது தனக்கோடியிடம். ஷூ போடாதவர்களை உள்ளே விடவே மாட்டார். பதினோரு வருடமாக அந்தச் சட்டத்துக்கு விலக்கே இருந்ததில்லை.

போன வருடம் சித்திரையில், நாலு வருடமாகக் கிளம்பாத ஜீப்புக்குப் புது பேட்டரி வந்தது. அதில் ஊற்றுகிற திரவத்தின் அடர்த்தியை ஒரு கண்ணாடிக் குழலால் அளக்க வேண்டும். அந்த வேலையை மாணவி கீதாஞ்சலியிடம் கொடுத்து, “1260-ல நிக்கணும்மா” என்றார் தனக்கோடி. ஆசிட் என்று சொல்ல மறந்துவிட்டார். கீதாஞ்சலியின் அப்பா அளத்தில் வேலை செய்கிறவர். அதே மாதிரிக் குழலைத்தான் பாத்தித் தண்ணீரில் மிதக்கவிடுவார். அவள் சுவருக்கு அந்தப் பக்கம் போய், உப்பு வாரியபின் மிஞ்சிய கசப்புத் தண்ணீரை ஒரு வாளி மொண்டு வந்து ஊற்றினாள். 1260-ல் கச்சிதமாக நின்றது. தனக்கோடி வாளியைப் பார்த்துத் தலையில் கை வைப்பதற்குள் அவள் சாவியைத் திருப்பிவிட்டாள். ஜீப் கிளம்பியது.

ஐப்பசி வரை ஒரு நாள்கூட நிற்கவில்லை. முதல் மழைக்கு நின்றது. தனக்கோடி மூன்று முறை பிரித்து மாட்டினார். ஒரு பழுதும் இல்லை. அந்த நேரம் பார்த்துத் துறையிலிருந்து கடிதம் வந்தது. ஆய்வின்போது ஓடும் வண்டி இல்லையென்றால் மெக்கானிக் பிரிவை மூடிவிட்டு மாணவர்களைத் திண்டிவனத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். அவ்வளவு தூரம் கீதாஞ்சலியை அவள் வீட்டில் அனுப்ப மாட்டார்கள். “படிப்பு நின்னா கல்யாணம்னு சொல்லிட்டாங்கண்ணா” என்றாள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை வந்து பஜ்ஜி சாப்பிட்டுப் போயிருந்தார்கள்.

கார்த்திகையில், கொட்டுகிற மழையில், ஆய்வாளர் அந்தோணிராஜ் ஃபைலோடு வந்தார். சாவியைத் திருப்பினார்கள். ஜீப் முனகக்கூட இல்லை. தனக்கோடிக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதை மறைக்கவும் இல்லை.

கீதாஞ்சலி மழையைப் பார்த்தாள், ஜீப்பைப் பார்த்தாள், ஷூவைக் கழற்றினாள். “மழைக்கு அளத்துல லீவுண்ணா. திரும்ப வேலை ஆரம்பிக்கணும்னா மொதல்ல பாத்திய மிதிக்கணும். மிதிக்காம எந்தப் பாத்தி உப்பு குடுக்கும்?”

வெறுங்காலோடு சிமெண்டுத் தரையை மிதிக்க ஆரம்பித்தாள். மற்ற இருபது பேரும் சேர்ந்துகொண்டார்கள். தனக்கோடி கொஞ்ச நேரம் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதைக் கழற்றி ஓரமாக வைத்தார். தரை களிமண்ணாக இளகிக் கணுக்கால்வரை உள்வாங்கியது. ஜீப் மட்டும் அசையவில்லை.

“சார், நீங்க நிக்கிற எடம்தான் பாக்கி” என்றாள் கீதாஞ்சலி.

அந்தோணிராஜ் ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். அதில் இதற்கு இடமில்லை. பிறகு சாக்ஸைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, பேண்டை மடித்துவிட்டு மிதித்தார். எட்டாவது மிதிக்கு ஜீப் இருமிக் கிளம்பி, அவர் முழங்காலில் ஒரு பிடி உப்பைக் கொட்டியது. அவர் நாக்கில் வைத்துப் பார்த்து, “கொஞ்சம் ஈரமா இருக்குது” என்றார். ஃபைலில் ‘ஓடுகிறது’ என்று எழுதினார்.

கீதாஞ்சலி இந்த வருடம் முதல் வகுப்பில் தேறி, புதுச்சேரியில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் வேறு இடத்தில் பஜ்ஜி சாப்பிடுகிறார்கள். ஒர்க்‌ஷாப் வாசலில் தனக்கோடி தன் கையாலேயே புது அறிவிப்பு எழுதி மாட்டியிருக்கிறார்: ‘ஷூ இல்லாமல் உள்ளே வரக் கூடாது. கார்த்திகை மாதம் ஷூவோடு வரக் கூடாது.’