பிரபுவின் மூத்த மகன்

குறிகட்டுவானில் படகு புறப்படும்போதே நாகபூசணி தீர்மானித்துவிட்டார். நெடுந்தீவில் இறங்குமுன் இந்தப் பிள்ளையிடம் சம்பந்தம் சரிவராது என்று சொல்லிவிட வேண்டும். மகன் கீர்த்திகன் விரும்பி, முதன்முறையாக வீட்டுக்குக் கூட்டிவரும் பிரியவதனி நல்ல பிள்ளைதான். ஆனால் அவனைவிட இரண்டு வயது மூத்தவள்.

எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், "கம்பஸிலை என்ன ஆராய்ச்சி செய்யிறீர்?" என்று கேட்டார்.

"நூற்றைம்பது வருசத்துக்கு முந்தின ஒரு இங்கிலாந்துப் பிரபு, மாமி. மந்திரியாயும் இருந்தவர். அவையின்ரை குடும்பக் கடிதங்களை வாசிக்கிறன்."

"அவருக்கு எத்தினை பிள்ளையள்?"

"ஏழு. மூத்த மகன் தன்னைவிட வயது கூடின பெட்டையைக் கட்டினதெண்டு பிரபு ஒன்பது வருசம் அவனோடை கதைக்கேல்லை."

"பேரப்பிள்ளையளையும் பாக்கேல்லையோ?"

"மூண்டு பிள்ளையள், மாமி. ஒண்டையும் தூக்கேல்லை."

"விசர் மனுசன். நாட்டை ஆண்டு என்ன பிரயோசனம்? பெடியன் சந்தோசமா இருந்தால் போதாதோ? வயதை வைச்சு என்ன செய்யிறது?"

சொன்ன பிறகுதான் தன் குரல் நாகபூசணியின் காதில் விழுந்தது. முன்னால் இருந்த கீர்த்திகன் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டான். தோள்கள் மட்டும் குலுங்கின.

இறங்குதுறையில் பிரியவதனி கை நீட்டினாள். நாகபூசணி அதைப் பிடித்துக்கொண்டு கரையில் கால் வைத்தார்.

"அந்தப் பெட்டைக்கு எத்தினை வயது கூட?"

"ஆறு, மாமி."

"ஆறோ? அப்ப ரெண்டு ஒரு கணக்கே?" என்றார், பிடித்த கையை விடாமல். "உம்மடை அம்மாவை வரச்சொல்லும். நாள் பாப்பம்."