பொரித்த ரகம்

காலை பத்து இருபதுக்கு வடிவம்மாள் நாற்பத்தொன்றாவது பிள்ளைத்தாச்சியைத் தனியே எடுத்து வைத்தாள்.

மாப்பிள்ளையூரணிக்கு வெளியே இருந்த அந்தப் பழைய உலோக யார்டில் பித்தளை பிரிக்கும் பெண்கள் வைத்த பெயர் அது. சுட்டு முடித்த வெறும் உறை, கூடு. முனையில் குண்டு செருகியபடியே, சுடாமல் முழுத் தோட்டாவாக வந்தால் பிள்ளைத்தாச்சி.

சரக்குச் சோதனை செய்யும் சர்வேயர் கிருபாநிதி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் ரைஃபிள் தோட்டா. அடியில் பிரைமர் என்ற சின்ன வட்டு. துப்பாக்கியின் ஊசி குத்திய பள்ளம் அதில் இருந்தால் சுட்டது என்று அர்த்தம். ஒன்றிலும் பள்ளம் இல்லை. பச்சைக் களிம்பு விரலில் பிசுபிசுத்தது. சாக்கு நனைந்த நாயைப் போல நாறியது.

கப்பலில் வந்த இந்தச் சரக்கில் வெடிக்கக்கூடியது எதுவும் இல்லை என்று செவ்வாய்க்கிழமை சான்று கொடுத்தவர் அவர்தான். அன்று நல்ல வெயில். கண்டெய்னரின் வாயருகே கிடந்த மூன்று மூட்டைகளை அவிழ்த்தார். நூற்றிருபது மூட்டையையும் பார்த்ததாக எழுதினார். இருபது வருஷமாக அப்படித்தான் எழுதி வந்தார்.

இப்போது போலீசுக்கும் சுங்கத்துக்கும் சொல்ல வேண்டும். சொன்னால் அவருடைய உரிமம் போகும்.

யார்டு முதலாளி வேல்ராஜ் ஒரு தோட்டாவின் கூர்முனையால் காது குடைந்துகொண்டிருந்தான். முனையில் வந்ததைப் பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்தான்.

வேல்ராஜ் ஒரு வழி வைத்திருந்தான். பழைய உலோக வியாபாரத்தில் சுட்ட கூட்டுக்கு லேக் என்று பெயர். சூளையில் போட்டு உள்ளே இருப்பதைப் பொரித்துவிட்ட கூட்டுக்கு லேம். ஆங்கிலத்தில் ஏரி, ஆட்டுக்குட்டி. எவன் உட்கார்ந்து யோசித்தானோ. நாளைக் காலையில் இந்த நாற்பத்தொன்றையும் பொரித்து, சரக்கை லேம் ரகம் என்று மாற்றி எழுதிவிட்டால் கதை முடிந்தது.

துப்பாக்கிக் குழலுக்குள் இல்லாமல் வெடிக்கும் தோட்டாவில் குண்டு அவ்வளவு தூரம் போகாது, கூடுதான் கிழிந்து சில்லு சில்லாகத் தெறிக்கும் என்றார் கிருபாநிதி.

"மேல தகரம் போட்டு மூடிக்கிடுவோம் அண்ணாச்சி. சோளப்பொரி மாதிரி நாலு சத்தம். யாரும் கேட்டா ஏதோ கல்யாண வீட்டு வெடிம்போம்."

யார் போடுவது என்று கேட்டார். வேல்ராஜ் தாடையால் காட்டினான்.

"ஏளா வடிவு, போன தடவ நீதான போட்ட? நல்லாத்தான இருக்க?"

வடிவம்மாள் சிரித்தாள். அவளுடைய இடது கண் மட்டும் அசையவில்லை. அதில் வெள்ளை விழுந்திருந்தது.

புதுச் சான்றுத் தாள் ஏற்கெனவே அச்சாகித் தயாராக இருந்தது. நாளைய தேதி. எனது முன்னிலையில் பொரிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கிருபாநிதி அதை இரண்டு முறை படித்தார். உரிமத்தைப் புதுப்பிக்க இன்னும் நான்கு மாதம் இருந்தது. பேனாவை எடுத்தார். கையெழுத்து எப்போதும்போல அழகாக விழுந்தது. அந்த அழகுதான் அவருக்குத் தாங்கவில்லை.

வேல்ராஜ் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீ சொல்லப் போனான்.

குழாயடியில் கிருபாநிதி கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். களிம்பு போயிற்று, நாற்றம் போகவில்லை. பின்னால் வந்து நின்ற வடிவம்மாள் ஒரு சோப்புத் துண்டை நீட்டினாள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அவர் அந்த வரியைத் தமிழில் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம்.

அவள் சோப்புத் துண்டைத் திரும்ப வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள்.

"அப்ப நாளைக்கு அடுப்புல போடுதப்ப எம்பக்கத்துல நிப்பியளா சார்?"