குமாரி சாருலதாவின் மூச்சு

“அதை மட்டும் எடுத்துரு லாவண்யா. மத்த ரெண்டு பாட்டும் இருக்கட்டும்.”

“ஏன்?”

“சும்மாதான். ஷோவுக்கு செட் ஆகாது.”

“மத்த ரெண்டும் காலேஜ்ல கேட்டது. இது பொறந்ததுல இருந்து கேட்டது. உங்களை உருவாக்கின மூணு பாட்டு எதுன்னுதான கேக்குறாங்க? இதை விட்டுட்டு எதைச் சொல்றது?”

க்ளென் கிட்டாரின் மூன்றாவது கம்பியை மறுபடி முறுக்கினான். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

மர்பி டவுனில் க்ளெனின் வீட்டு மாடியில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் அவர்கள் மூவரும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்றே கால். நான்கு மணிக்கு ஹரிஷ் வருவான். இணையத்தில் அவன் நடத்தும் நிகழ்ச்சியில் சின்னக் குழுக்களை அவர்கள் பழகும் இடத்துக்கே போய்ப் பார்ப்பான். ஆளுக்கு மூன்று பாட்டு. ஒவ்வொன்றையும் அரை நிமிடம் ஒலிக்கவிட்டு, அது தன்னை என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். எல்லாம் நேரலையில். மூன்று வருடங்களாகக் காபிக் கடைகளிலும் கல்லூரி மைதானங்களிலும் வாசித்த இவர்களுக்கு இப்படியோர் அழைப்பு வந்தது இதுதான் முதல் தடவை.

“என்னோட லிஸ்ட்ல முதல் பாட்டு பாட்டே இல்ல” என்றான் பரத். அவன் டிரம்ஸ் வாசிப்பவன். இன்று இடமில்லாததால் மரப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து அதையே தட்டிக்கொண்டிருந்தான். “தொம்மலூர் ஊர்ஹப்பா திருவிழால அடிக்கிற தமட்டை. அதை ஒண்ணும் சொல்லாம விட்டுட்ட. இவளை மட்டும் ஏன் இப்படிப் பிடிச்சிட்டு இருக்க, குரு?”

“நீ சும்னே இரு” என்று க்ளென் அவனை அடக்கினான்.

லாவண்யா போனை ஸ்பீக்கரோடு இணைத்தாள். “முழுசாக்கூடக் கேக்காமச் சொல்ற. ஒரு தடவை கேளு.”

நாடாவின் இரைச்சல் முதலில் வந்தது. பிறகு உடுக்கை, மலிவான கீபோர்டு. அதன் மேல் ஒரு பெண் குரல் அம்மனை வேப்பிலையோடு வரச்சொல்லி அழைத்தது. நல்ல குரல், கொஞ்சம் மூக்கில் பட்டு வரும் குரல். இரண்டாவது சரணத்தில் மேலே ஏற வேண்டிய இடத்துக்குச் சற்று முன், அது அரைக்கணம் நின்றது. மூச்சை உள்ளே இழுத்து, விடாமல் பிடித்து, அப்புறம் ஏறியது.

“இங்கதான்” என்றாள் லாவண்யா. “ஆரணியில எங்க மாமா மைக் செட் வச்சிருந்தாரு. ஆடி மாசம் முழுக்க இந்த கேசட்தான். குமாரி சாருலதான்னு அட்டையில போட்டிருக்கும். படம் கிடையாது. வேற எந்த கேசட்லயும் அவங்க பேரு இல்ல. நான் எங்கெங்கயோ தேடிட்டேன், உயிரோட இருக்காங்களான்னுகூடத் தெரியல. ஆனா பாடுறதுன்னா இந்த இடத்துல நிக்கணும்னு எனக்கு அவங்கதான் கத்துக்குடுத்தாங்க.”

க்ளென் கை நீட்டி ஸ்பீக்கரை அணைத்தான்.

அந்தக் குரலுக்கு உரியவள் அப்போது நான்கு தெரு தள்ளி, மாதா கோயிலின் பாடகர் குழுவான க்வயரை ஈஸ்டர் பாட்டுகளுக்குப் பழக்கிக்கொண்டிருந்தாள். பிரிஜெட். க்ளெனின் அம்மா.

அவனுக்குப் பத்து வயதில் தெரியவந்தது. அல்சூரில் பள்ளிப் பை வாங்கப் போய்க்கொண்டிருந்தார்கள். கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து அந்தப் பாட்டு வந்தது. “மம்மி, இது நீ” என்று அவன் நடுத்தெருவில் சத்தமாகச் சொன்னான். அவள் கன்னத்தில் அறைந்தாள். வாழ்க்கையில் அவள் அவனை அடித்தது அந்த ஒரு முறைதான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: டாடிக்கு வேலை போன வருடம், காந்தி நகரில் ஒரு சின்ன ஸ்டுடியோ, நான்கு நாள், ஒரே கேசட். குமாரி சாருலதா என்ற பெயரை ஸ்டுடியோக்காரர்களே வைத்தார்கள். அவன் அப்போது வயிற்றில் ஆறு மாதம். அந்த இரண்டாவது சரணத்தில் அவன் உதைத்தான், அதனால்தான் நின்றாள். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு” என்றாள். சொன்னான். பதினேழு வருடமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றி வந்தான்.

மூன்று வருடத்துக்கு முன், பாட ஆள் தேடியபோது பதினோரு பேர் வந்தார்கள். ஒன்பதாவதாக வந்த லாவண்யா, மேலே ஏறுவதற்கு முன் அரைக்கணம் நின்றாள். அங்கேயே க்ளென் தீர்மானித்துவிட்டான். மீதி இருந்த இருவர் பாடுவதைக் கேட்காமலே பரத்திடம், இவள்தான், என்று சொல்லிவிட்டான். ஏன் என்று இன்றுவரை சொன்னதில்லை. இப்போது அவர்களுடைய எல்லாப் பாட்டிலும் அந்த நிறுத்தம் இருக்கிறது.

அரை நிமிடம் ஒலித்தால் போதும், யார் குரல் என்று தெரிந்துவிடும். அந்தக் குரலை ஒவ்வொரு ஞாயிறும் கேட்டவர்கள் முந்நூறு பேராவது இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். ‘நம்ம க்ளென் நாலு மணிக்கு லைவ்’ என்று கோயில் பங்கு மக்களின் வாட்ஸாப் குழுவில் காலையிலேயே செய்தி போட்டவர் க்வயர் செயலாளர் லாயிட் அங்கிள். பிள்ளையார் பந்தலில் கீபோர்டு வாசித்த ஒரு பையனை மூன்று மாதம் க்வயர் மேடையில் ஏற விடாதவர் அவர்.

“லாவண்யா, அடுத்த தடவை இதைச் சொல்லிக்கலாம். ப்ளீஸ்.”

“காரணத்தைச் சொல்லு, எடுத்துர்றேன்.”

“சொல்ல முடியாது.”

“முடியாதா, வாய் வரலையா?” அவள் அவனுடைய தாளை எடுத்து உரக்கப் படித்தாள். “க்ளென். ஒண்ணு, பிரேசில் கிட்டார்க்காரர். ரெண்டு, மாலி நாட்டுப் பாலைவனக் குழு. மூணு, புனித வெள்ளியில பாடுற ஒப்பாரி. பிரேசில் இருக்கலாம், மாலி இருக்கலாம். உங்க கோயில் இருக்கலாம். ஆரணி மட்டும் இருக்கக் கூடாது.”

“அப்படி இல்ல.”

“ஸ்பீக்கர் கட்டிப் போடுற பாட்டுன்னா உனக்குக் கேவலமா இருக்கு. என்னை ஸ்டேஜ்ல நிக்க வைக்கலாம், நான் எங்கேர்ந்து வந்தேன்னு மட்டும் வெளிய தெரியக் கூடாது. கரெக்டா?”

“தப்பு லாவண்யா. நீ நெனக்கிறது எதுவுமே இல்ல.”

“அப்ப இருக்கிறதைச் சொல்லேன்.”

அவன் வாயைத் திறந்தான். தெரு நடுவில் விழுந்த அந்த அறை இன்னும் கன்னத்தில் இருப்பதுபோல் தோன்றியது. வாயை மூடிக்கொண்டான்.

லாவண்யா ஒயர்களைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக. அதுதான் க்ளெனைப் பயமுறுத்தியது. கோபத்தில் போகிறவள் திரும்பி வருவாள். இவள் எதையும் மறந்து வைத்துவிட்டுப் போகாதபடி சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

“எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ரெண்டு பஸ் மாறி வர்றேன், மூணு வருஷமா” என்றாள். “பிராக்டிஸுக்கு ஒரு நாள் லேட்டா வந்ததில்ல. இதுக்கு மேல வர மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் பேசுங்க, ஹரிஷ்கிட்ட உடம்பு சரியில்லன்னு சொல்லிருங்க.”

“சரி, பாடுறது யாரு? நான் தனியா தமட்டை அடிக்கவா?” என்றான் பரத். யாரும் சிரிக்கவில்லை. அவன் எழுந்து படிக்கட்டுக் கதவை மறைத்து நின்றான். “அஞ்சு நிமிஷம் உக்காரு. க்ளென், என்னமோ இருக்கு உன்கிட்ட. இவகிட்ட சொல்ல முடியலன்னா யார்கிட்ட கேட்கணுமோ போய்க் கேட்டுட்டு வா.”

கீழே இரும்புக் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மணி மூன்று நாற்பது.

க்ளென் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினான்.

பிரிஜெட் முன்னறையில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கையில் க்வயர் பாட்டுப் புத்தகம், முகத்தில் வெயில். அவனைப் பார்த்ததும் சிரித்தாள்.

“என்னடா இன்னும் இந்தச் சட்டைய போட்டுட்டு நிக்கிற? லாயிட் அங்கிள் ஹால்ல பெரிய திரையில போடுறாராம். க்வயர்ல இருக்கிற எல்லாரும் அங்க போயிட்டாங்க. நானும் முகம் கழுவிட்டுப் போறேன்.”

“மம்மி, கொஞ்சம் உக்காரு.”

அவன் சொன்னான். கேசட், அட்டையில் இருந்த பெயர், ஆரணி, மைக் செட் மாமா. சொல்லச் சொல்ல அவள் புத்தகத்தை மடியில் வைத்து அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

“சாருலதாவா” என்றாள். அந்தப் பெயரைச் சொல்லியே பல வருடம் ஆகியிருக்க வேண்டும். “அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?”

“தெரியாது. யாருக்கும் தெரியாது. நீ சொன்ன மாதிரிதான் இருந்தேன்.”

“அப்ப எடுத்துருன்னு சொல்லிரு. தீர்ந்துச்சு.”

“சொல்லிட்டேன். கிளம்பிட்டா. அவ பாட்டை நான் மட்டமா நெனக்கிறேன்னு நெனச்சுட்டுப் போறா. இனிமே வர மாட்டா மம்மி, அவ அப்படித்தான்.”

பிரிஜெட் ஜன்னலைப் பார்த்தாள். எதிர் வீட்டில் யாரோ டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.

“அவளுக்கு அதுல என்ன இருக்காம்? நாலு நாள்ல அடிச்சது அது. அந்த ரெண்டாவது சரணத்துல நின்னுட்டேன், இன்னொரு தடவை பாடுறேன்னு கேட்டேன். நேரம் இல்லன்னுட்டாங்க.”

“அந்த இடத்துலதான் அவ பாடக் கத்துக்கிட்டா. நீ நின்ன இடத்துல அவளும் நிக்கிறா. நீ மேல எங்க பாட்டைக் கேக்குறப்ப தெரிஞ்சதில்லையா?”

பிரிஜெட் பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தை விரலால் நீவினாள். தெரிந்திருக்கிறது என்று அவனுக்கு அந்தக் கணத்தில் புரிந்தது. மூன்று வருடமாக மாடியிலிருந்து அது இறங்கி வந்துகொண்டிருந்திருக்கிறது. இவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டிருக்கிறாள், அவனைப் போலவே வாயைத் திறக்காமல்.

“இருபத்தஞ்சு வருஷம்டா” என்றாள் மெதுவாக. “க்வயர்ல அந்தப் பசங்க எல்லாரையும் நான்தான் பாட வச்சேன். அவங்க வீட்டுக் கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் போய்ப் பாடினேன். இன்னைக்கு எல்லாரும் ஒரே ஹால்ல உக்காந்திருக்காங்க.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் வந்து கேக்குற.”

வெளியே படிக்கட்டில் காலடி கேட்டது. கூடவே பரத்தின் குரல்: “லாவண்யா, ஒரு நிமிஷம், ப்ளீஸ், ஒரே நிமிஷம்.” காலடி நிற்கவில்லை. மேஜை மேல் இருந்த க்ளெனின் போன் அதிர்ந்தது. ஹரிஷ், தெருமுனைக்கு வந்துவிட்டான்.

ஜன்னலுக்கு வெளியே, கேட்டருகே லாவண்யாவின் பை தெரிந்தது. கொண்டியில் அவள் கை வைத்தாள்.

க்ளென் அம்மாவின் முன் தரையில் குந்தி உட்கார்ந்தான்.

“மம்மி, லைவ்ல போட வேணாம். லிஸ்ட்ல இருக்க வேணாம். ஹால்ல யாருக்கும் தெரிய வேணாம். நீ வாசல் வரைக்கும் வந்து, அந்தப் பாட்டுல அம்மனைக் கூப்பிட்ட மாதிரியே லாவண்யா பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிடு, அவளுக்கு மட்டும் புரியும். கூப்பிடுறியா?”