வழியில் இருக்கும் ஊர்

“பாரிஸ்ல எடுக்கிற காரை ஆம்ஸ்டர்டாம்ல விட்டீங்கன்னா, தனியா ஒரு சார்ஜ் போடுவான் சார். எடுத்த ஊர்லயே கொண்டாந்து விட்டா அது கெடையாது” என்றார் இருதயராஜ். விழுப்புரம் நான்குமுனை சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது அவருடைய டிராவல்ஸ் ஆபீஸ். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள்தான் அவரிடம் அதிகம் வருவார்கள். ஐரோப்பாவில் கார் எடுத்துத் தாங்களே ஓட்டிக்கொண்டு சுற்றப்போகிறோம் என்று ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்ததில் அவருக்கே உற்சாகமாக இருந்தது. கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தார். ஞானமதி திரையைப் பார்க்கவில்லை. கணவர் சுமதிகுமார் அதில் எதைப் பார்க்கிறார் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுமதிகுமார் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருப்பவர். ஒரு கடலைக் காயையாவது உடைத்து வாயில் போட்டுப் பார்க்காமல் விலை பேசாதவர். இங்கேயும் அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கேட்டார். விமானத்தில் ஜைனச் சாப்பாடு உண்டா, அதில் கிழங்கு கலக்காமல் இருக்குமா என்று கேட்டு, முன்கூட்டியே சொன்னால் தருவார்கள் என்று தெரிந்துகொண்டார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிற குடும்பம் அது. “ஜூன்ல அங்க பொழுது சாய ராத்திரி பத்து ஆவும் சார், நிதானமா சாப்பிடலாம்” என்று இருதயராஜ் சொன்னபோது சிரிக்கக்கூடச் செய்தார். பயணத்துக்கு ஏற்பாடு செய்ததும், அங்கே காரை ஓட்டப்போவதும் சென்னையில் வேலை பார்க்கும் மகன் வைபவ்தான். அவனுக்கு இன்று லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அடுத்த பேச்சை எப்படியாவது மடை மாற்றிவிட்டிருப்பான்.

“இன்னொன்னு சார். கார் எந்தெந்த நாட்டுக்குள்ள போவும்னு கம்பெனிக்கு முன்னாடியே சொல்லிடணும்.” இருதயராஜ் விரல் விட்டார். “பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து. அவ்ளோதான்.”

“பெல்ஜியம் எதுக்கு?”

“நடுவுல இருக்குதே சார். அதத் தாண்டித்தான் போயாவணும்.” திரையில் பென்சில் முனையால் ஒரு கோடு இழுத்தார். “பிரஸ்ஸல்ஸ், ஆண்ட்வெர்ப் வழியா நல்ல ரோடு.”

சுமதிகுமார் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் ஞானமதி தாங்கிக்கொண்டிருப்பாள். கூட்டத்தில் கைப்பை தொலைத்தவர் மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

“பிளேன்ல போனா?” என்று கேட்டார்.

“போலாம் சார். ஒரு மணி நேரம். கார் வேணாம்னா அப்படியே போட்டுடலாம்.”

கீழே பஸ்களின் ஹார்ன் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. சுமதிகுமார் பென்சில் போன இடத்தையே பார்த்தபடி கேட்டார்: “அந்தப் பக்கம் டிசம்பர்ல எத்தினி மணிக்குப் பொழுது சாயும்?”

“நீங்க போறது ஜூன்ல சார்.”

“சொல்லுங்களேன்.”

“நாலரைக்கெல்லாம் இருட்டிடும்.”

“நாலரை” என்றார் தனக்குள். வேலைக்குப் போகிற ஒருத்தி அதற்குள் வீட்டுக்கு வந்து, சமைத்து, எப்படிச் சாப்பிட முடியும் என்ற யோசனை அந்த முகத்தில் ஓடுவதை ஞானமதி கண்டாள். மகளின் பேரை அவர் வாயால் சொல்லி ஐந்து வருடம் ஆகிறது. “யோசிச்சி சொல்றோம்” என்று எழுந்துவிட்டார்.

ப்ரியதர்ஷினி ஆண்ட்வெர்ப்பில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். படிக்கப் போனவளுக்கு அங்கேயே வேலை கிடைத்தது. செஞ்சிப் பக்கத்தில் உறவிலேயே மாப்பிள்ளை பார்த்து, திண்டிவனத்தில் மண்டபம் வரைக்கும் பேசி முடித்தார் சுமதிகுமார். “எனக்கு இது வேணாம்ப்பா” என்று அவள் போனில் பலமுறை சொன்னாள். ஊருக்கு வந்து நாலு பேர் முகத்தைப் பார்த்தால் சரியாகிவிடும் என்று அவர் நினைத்தார். டிக்கெட்டையும் அவரே எடுத்து அனுப்பி, சம்பந்தியாகப் போகிறவரையும் அழைத்துக்கொண்டு மீனம்பாக்கத்துக்குப் போய் நின்றார். அந்த விமானத்தில் வந்தவர்கள் எல்லோரும் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். தரையைத் துடைக்கிறவர்கள் வந்து, அவர் காலைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போகிறவரைக்கும் நின்றார். அவள் வரவில்லை. “தாலி கட்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிதே, விடுங்க” என்று உடன் வந்தவர் தோளைத் தட்டிச் சொன்ன ஆறுதல்தான் அவரை வெட்டிப் போட்டது. அவள் இருக்கிற நாட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்றார் அன்று. வைபவ் இந்தப் பயணத்தைப் பேசியபோதும் அந்த நாடு மட்டும் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை. அம்மாவும் மகனும் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று இரண்டு முனைகளை மட்டும் அவரிடம் சொன்னார்கள். கார் ஆண்ட்வெர்ப்பைத் தாண்டும்போது வைபவ் மெல்ல ஓரங்கட்டுவான், அவள் வந்து நிற்பாள், பெற்ற மனம் இளகாமலா போகும் என்பது ஞானமதியின் திட்டம்.

திரும்பும்போது காரை அவர்தான் ஓட்டினார். விக்கிரவாண்டி டோல்கேட்டும் கூட்டேரிப்பட்டும் கடந்து, திண்டிவனம் நெருங்கும்போதுதான் பேசினார்.

“ஏமாத்திக் கூட்டினு போவலாம்னு பாத்தியா?”

“நேரா கேட்டா வருவீங்களாங்க?”

அவளை வீட்டில் இறக்கிவிட்டு மண்டிக்குப் போய்விட்டார்.

ஞானமதி மகளுக்குப் போன் செய்தாள். அதுவரை அவளிடமும் சொல்லாமல் வைத்திருந்த திட்டத்தை முதல்முறையாகச் சொன்னாள். சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்திருந்தாள்.

“என்னாம்மா பேசற நீ?” என்றாள் ப்ரியதர்ஷினி. “நான் ரோட்டோரமா நின்னுக்கினு இருக்கணுமா? அவரு கண்ணாடிய எறக்கினா பேசணும், எறக்கலன்னா திரும்பி வந்துடணுமா?”

“அப்படி இல்ல கண்ணு…”

“போற வழியில பாத்துட்டுப் போற ஊரு இல்லம்மா நானு. அவருக்கு என்னப் பாக்கணும்னா எனக்குப் போன் பண்ணச் சொல்லு. வேணாம்னா பிளேன்லயே தாண்டிப் போவச் சொல்லு. ஏமாத்தி மட்டும் கூட்டினு வராத.”

குரல் கொஞ்சமும் தழுதழுக்கவில்லை. வைத்துவிடுவாள் என்று நினைத்தபோது கேட்டாள்: “அப்பாக்கு முட்டி வலி எப்படிம்மா இருக்குது?”

ஞானமதி வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பேர் சொல்லாமல் இவர் கேட்டதற்கும், அவள் கேட்டதற்கும் தானே பதில் சொல்லிவிட்டு, கேட்டதை மறுபக்கம் சொல்லாமல், இருவருமே ஒரு வார்த்தை இறங்கி வராமல் காலம் தள்ளுவதற்கு இத்தனை வருடமும் தானே பாலம் போட்டுக் கொடுத்திருக்கிறோம் என்று தோன்றியது. இந்தப் பயணமும் அதே பாலத்தின் இன்னொரு கண்தான்.

சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும், மகள் பேசியதில் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். முட்டி வலியைக் கேட்டதையும் சொன்னாள். அவர் கை தட்டிலேயே நின்றது.

“நீங்களும் வைபவும் பிளேன்ல போங்க. நான் வரல” என்றாள். “அவளத் தாண்டிக்கினு போற பிளேன்ல என்னால குந்த முடியாதுங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் எதற்கும் வரமாட்டேன் என்று சொன்னதில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். மீதியைச் சாப்பிட்டு முடித்தார். தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார்.

அந்த வாரம் வீட்டில் பேச்சு அரிசி, பால், கரண்ட் பில்லோடு நின்றது. வெள்ளிக்கிழமை இருதயராஜ் அவளுக்குப் போன் செய்தார்.

“மேடம், சார் பேசியிருந்தாரு. பாரிஸ் வேணாம், டிக்கெட்ட பிரஸ்ஸல்ஸுக்கே போட முடியுமான்னாரு. எறங்கறதும் அங்கதான், திரும்பறதும் அங்கிருந்துதான். காரையும் அங்கயே எடுத்து அங்கயே விட்டுடலாமாம். நல்ல யோசனதான் மேடம். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் எல்லாம் அங்கிருந்தே போயிட்டுப் போயிட்டு வந்துடலாம். ஆனா நான் சொல்றவரைக்கும் புக் பண்ணாதீங்கன்னுட்டாரு. இன்னும் ஒருத்தர கேக்கணுமாம். ரேட்டு வேற ஏறிக்கினு இருக்குது, நீங்க கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?”

“அவரே சொல்லுவாருங்க” என்று வைத்துவிட்டாள். கணவரிடம் கேட்க வாய் வரைக்கும் வந்தது. இந்தத் தடவை பாலம் போடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் பனியனோடு ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரே பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

“ஞானம். அவ நம்பரு என்னா?”

அவள் சொன்னாள். அவர் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

“மொதல்ல என்னா அது, முப்பத்திரண்டு?”

“அந்த நாட்டு நம்பருங்க.”

எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டு, பச்சைப் பொத்தானைத் தொடாமல் போனை டீபாயின் மேல் வைத்தார். எழுந்து உள்ளே போனார். மனசு மாறிவிட்டார் என்று ஞானமதி நினைத்தாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கழுத்துப் பொத்தான் வரைக்கும் மாட்டி, தலையைப் படிய வாரியிருந்தார். யார் வீட்டுக்கோ போய்க் கதவைத் தட்டப்போகிறவரைப் போல இருந்தது.

போனை எடுத்து அழுத்திக் காதில் வைத்தார். உட்காரவில்லை. நம் ஊர் மணி மாதிரி இல்லை அது. ஒரே நீளமான ஒலி, பிறகு ஒரு இடைவெளி, மறுபடியும் ஒலி. அந்த இடைவெளிகளில் அவர் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது.