அம்மா தாண்டிய வரிகள்

"கொஞ்சம் நிறுத்து," என்று அப்பா போர்வைக்குள்ளிருந்து கையைத் தூக்கினார். "அந்தம்மா எங்க?"

அம்மா வேதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்தம்மா?"

"கதையில வர்ற பெரியவரோட சம்சாரம். கூடாரத்துலதான இருந்தாங்க. இப்ப இவரே உக்காந்து மாவு பிசையறாரு. அவங்க எங்க போனாங்க?"

"உள்ள இருப்பாங்க."

"கூடாரத்துக்கு உள்ள ஏது இன்னொரு ரூம்?"

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ப்ரேக் மாமா வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா பக்கத்தைத் திருப்பி, ஆடுகளுக்குத் தண்ணீர் கிடைக்காமல் போன இடத்திலிருந்து வேகமாகத் தொடர்ந்தாள். அப்பா கூரையைப் பார்த்தபடி கேட்டார். ஆனால் அவர் முகத்தில் அந்தக் கேள்வி அப்படியே இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த மகளுக்கு அது தெரிந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ப்ரேக் மாமா அவருடைய கூட்டாளி. எந்த லிஃப்ட் நின்றாலும் கோளாறு ப்ரேக்கில்தான் என்று முதலில் சொல்லிவிட்டு அதன் பிறகு பெட்டியைத் திறப்பவர் என்பதால் அந்தப் பெயர். இருவருமாகச் சேர்ந்து இந்த ஊரின் பாதிக் கட்டடங்களில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். இப்போது அப்பாவால் கட்டிலை விட்டு இறங்க முடியாது. நுரையீரல் இரண்டும் கைவிட்டுவிட்டன. மூலையில் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அதன் குழாய் போர்வைமேல் வளைந்து அவர் மூக்குவரை வந்தது.

முந்தைய நாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மகளை வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார். இன்று அல்லது நாளை என்றார். ஏதாவது பேச வேண்டியிருந்தால் பேசிவிடுங்கள் என்றும் சொன்னார். அவள் திரும்பி உள்ளே வந்தபோது அம்மா சமையலறைக் கதவருகே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "அவர்கிட்ட ஒரு வார்த்தை வரக்கூடாது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விட்டாள்.

அப்பா நல்ல நாளில் ஒருபோதும் வேதத்தைக் கேட்டவர் இல்லை. ஜெபம் தொடங்கும் நேரத்தில் ஊரில் எங்காவது ஒரு லிஃப்ட் தவறாமல் நின்றுவிடும். பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார். அவர் படுக்கையில் விழுந்தபோது அம்மா அவருடைய ஆத்துமாவுக்காகத்தான் வாசிக்கத் தொடங்கினாள். அப்பாவோ அதைக் கதையாகப் பிடித்துக்கொண்டார். பெரியவர் கூட்டத்தோடு ஊரை விட்டுப் புறப்பட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. விடிந்ததும் முகம் கழுவுவதற்கு முன்பே, படி படி என்பார். இனி நடக்கப்போவதை யாரும் முன்னால் சொல்லிவிடக் கூடாது. பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் ஆறுதலாக, கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று சொல்லப்போய், அப்பா அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை.

அம்மாவுக்கு முதலில் சங்கடமாக இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் முணுமுணுத்துவந்த வார்த்தைகள் அவை. அதில் வரும் கிணறு எத்தனை ஆழம் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள். அவளும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தெரியலையே, இருங்க பாக்கறேன் என்று குனிகிறாள்.

ஆனால் அவள் சில வரிகளைத் தாண்டினாள். மகள் அதைச் சில நாள் முன்புதான் கண்டுபிடித்தாள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். கண்ணாடிக் குழாயில் ஒரு துகள் மிதந்தாலும் கண்ணில் பட்டுவிடும். அம்மாவின் விரல் பக்கத்தின்மேல் ஓடும்போது ஓரிடத்தில் சட்டென்று நாலு வரி கீழே இறங்கியது. குரல் மட்டும் தடங்கலில்லாமல் போனது. பிறகு சமையலறையில் கேட்டாள்.

"சாவு வந்தா தாண்டிடுவேன்," என்றாள் அம்மா. "அந்த வார்த்தையே அவர் காதுல விழ வேணாம்."

அப்படியாக அந்த வீட்டில் வேதத்தில் ஒருவரும் சாகவில்லை. வயதானவர்களைப் பற்றிய பேச்சு திடீரென்று நின்றுபோகும். அவ்வளவுதான்.

அன்று காலை வெயில் கட்டிலுக்கு வந்து சேரும் நேரத்தில் அம்மாவின் தொண்டை அடைத்துக்கொண்டது. வெந்நீர் குடித்தாள். கனைத்தாள். காற்றுதான் வந்தது. ஐயோ, இந்த இடத்திலா என்றார் அப்பா. பெரியவரின் மகன்களில் இளையவன் கிணற்றைக் கல்லால் மூடிவிட்டிருந்தான். மூத்தவன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். ப்ரேக் மாமா ராத்திரி டியூட்டி முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்ததே இதற்காகத்தான்.

அம்மா புத்தகத்தை மகளிடம் நீட்டினாள். நீட்டும்போது கட்டைவிரலால் காற்றில் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். சாவு வந்தால் தாண்டிவிடு.

மகள் யார் முன்னாலும் சத்தமாக வாசித்ததே இல்லை. கல்லூரிக் கருத்தரங்கில்கூடத் தன் கட்டுரையைத் தோழியிடம் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தவள். முதல் வரி அவளுக்கே கேட்கவில்லை.

"பாப்பா," என்றார் அப்பா, இரண்டு மூச்சுக்கு நடுவில். "தண்ணி ரிப்போர்ட் மாதிரி படிக்காதே. அங்க சண்டை வரப்போகுது."

அதற்குள் அவரும் ப்ரேக் மாமாவும் பந்தயம் கட்டியிருந்தார்கள். மூத்தவன் அடித்துப் பிடுங்குவான் என்றார் மாமா. இளையவன் தானே திறந்துவிடுவான் என்றார் அப்பா. தோற்றவர் பழைய வழக்கு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஏழு மாடிக் கட்டடத்து லிஃப்ட் ஒருமுறை நடுவில் தொங்கியதற்குக் காரணம் ப்ரேக்கா கேபிளா என்பது இன்றுவரை தீராத வழக்கு.

மகள் மறுபடி தொடங்கினாள். ஆட்கள் மேட்டில் ஏறினார்கள். அவள் குரலும் கொஞ்சம் ஏறியது. புழுதி தெரிந்தது. இளையவனின் மனைவி ஓடிப்போகச் சொன்னாள். அவன் போகவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்திருந்தான். மூத்தவன் கத்தியை உருவினான். ப்ரேக் மாமா முட்டிபோட்டு எழுந்துவிட்டார். இளையவன் திரும்பிப் பார்க்காமல் குனிந்து முதல் கல்லைத் தூக்கி வெளியே போட்டான். அடுத்ததையும் தூக்கினான். விரல்கள் கிழிந்தன. மூத்தவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு கத்தியைத் தரையில் வைத்துவிட்டு, அவனும் வந்து ஒரு கல்லைப் பிடித்தான்.

"சொல்லு," என்றார் அப்பா. "வாயத் திறந்து சொல்லு."

ப்ரேக் மாமா தலையைச் சொறிந்தார். "கேபிள்தாண்ணே."

"அண்ணிக்குக் கேக்கல."

"கேபிள்தான் அண்ணி. ப்ரேக் நல்லாத்தான் இருந்துச்சு."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அவரை உலுக்கி எடுத்தது. அம்மா முதுகைத் தடவினாள். அடங்கியதும் அவர் கையை மட்டும் ஆட்டினார். மேலே படி. மகளுக்குக் காது சூடாகியிருந்தது. நின்றால் இந்தத் தைரியம் போய்விடும்போல் இருந்தது. கிணற்றில் தண்ணீர் தெரிந்தது. அண்ணன் தம்பி இருவரும் அதைத் தங்கள் அப்பாவிடம் சொல்ல ஓடினார்கள், அவளும் அவர்களோடு ஓடினாள், கூடாரத்துக்குள் நுழைந்தாள், பெரியவர் கேட்டார், சந்தோஷப்பட்டார், அன்றே இறந்துபோனார்.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவளுக்குக் கேட்டது.

மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. ப்ரேக் மாமா தன் கால் விரல்களைப் பார்த்தார். அம்மாவின் கை அப்பாவின் முதுகில் இருந்தபடியே நின்றுவிட்டது. மகளுக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

"அப்பாடா," என்றார் அப்பா. "ஒருத்தராவது செத்தாரே."

அவரே தொடர்ந்தார்.

"எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு. இவ்வளவு வெயில், இவ்வளவு சண்டை, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல." மூச்சு வாங்கிக்கொண்டு அம்மா பக்கம் தலையைத் திருப்பினார். "லிஃப்ட் மூணாவது மாடியில நிக்காம நாலுக்குப் போனா எனக்குத் தெரியாதா? எத்தன மாடி இப்படி விட்டுட்டுப் போன?"

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கரகரவென்று ஏதோ வந்தது. உங்கள் காதில் அந்த வார்த்தை விழக்கூடாது என்றுதான், வேறொன்றுமில்லை என்றாள்.

"ஒரு புது சைட்டுக்குப் போறோம். முன்னாடி அங்க வேலை பாத்தவன்கிட்ட ரெண்டு வார்த்தை கேட்டுட்டுத்தான் போவோம். இவங்க எல்லாம் எப்படிப் போனாங்கன்னு நான் கேக்க வேணாமா?"

அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"நீ படி," என்றார். "பாப்பா நல்லாத்தான் படிக்கிறா. ஆனா விட்டத எல்லாம் நீ படி."

எனக்குக் குரலே இல்லையே என்று அம்மா தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். எனக்கு மட்டும் மூச்சு இருக்கிறதா என்று அவர் குழாயைத் தொட்டுக் காட்டினார். ப்ரேக் மாமா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அம்மா மகளிடமிருந்து வேதத்தை வாங்கினாள். கண்ணாடியைப் போட்டாள். அவள் தேடவில்லை. திறந்த இடத்திலேயே அது இருந்தது. தாண்டிய இடங்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடமாக இருந்தன.

பெரியவரின் மனைவி பயணத்தின் நடுவில் இறந்தாள். நிழல் இருந்த ஒரே மரத்தடியில் அவளை அடக்கம் செய்தார்கள். மற்றவர்கள் அழுதுகொண்டிருக்கும்போது பெரியவர் எழுந்து போய், அவள் வைத்துவிட்டுப் போன மாவைத் தன் கையால் பிசைந்தார்.

"அதான் மாவு," என்றார் அப்பா. தலையணையிலிருந்து தலையைத் தூக்கிவிட்டார். "டேய், கேட்டியா? அதான் அவரே மாவு பிசைஞ்சாரு."

மாமா திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார். அம்மா அடுத்த இடத்தைத் திறந்தாள். பிரசவம் பார்க்கும் கிழவி, கடைசிக் குழந்தையைக் கையில் வாங்கிய மறுநாள் போனாள். வழிகாட்டி வந்தவன், மலை தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போனான். ஒவ்வொன்றுக்கும் அப்பாவிடம் பழைய கேள்வி ஒன்று காத்திருந்தது. அதனால்தான் அந்தக் குழந்தைக்கு அந்தப் பேரா என்றார். அதனால்தான் அவர்கள் வழி தவறினார்களா என்றார். ஒயர் அறுந்த இடமெல்லாம் ஒட்டி, விளக்கு ஒவ்வொன்றாக எரிவதைப் பார்ப்பவரைப்போல் அவர் கண்கள் அலைந்தன. அம்மாவின் குரல் கீச்சிட்டது, உடைந்தது, சில இடத்தில் இல்லாமலே போனது. அங்கெல்லாம் அவர் அவளுடைய உதட்டைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார்.

பின்னால் நின்று பார்த்த மகளுக்கு அந்த வரிகளுக்குக் கீழே இருந்ததும் தெரிந்தது. எந்தச் சாவோடும் அதிகாரம் முடியவில்லை. அடுத்த வரியிலேயே யாரோ தண்ணீர் சேந்தினார்கள். யாரோ ஆட்டைக் கூப்பிட்டார்கள்.

பெரியவரின் சாவை அம்மா கடைசியில் வாசித்தாள். கிணற்றுச் செய்தியைக் கேட்டதும் அவர் கூடாரத்துத் துணியை விலக்கச் சொன்னார். ஆடுகள் தண்ணீருக்குப் போவதைப் படுத்தபடியே பார்த்தார்.

"நம்ம வீட்டுத் துணிய விலக்குனா எதிர்வீட்டு ஏசிதான் தெரியும்," என்றார் அப்பா. சொல்லிவிட்டு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். "உனக்குப் பயமா இருக்கா?"

அம்மா இல்லை என்று சொல்லப் போகிறாள் என்று மகள் நினைத்தாள். எத்தனையோ நாளாக அந்த வீட்டில் எல்லாக் கேள்விக்கும் அதுதான் பதில்.

"இருக்கு," என்றாள் அம்மா.

"எனக்கும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மகள் ஜன்னலைப் பார்த்தாள்.

"நீங்க போனதுக்கப்புறமும் இங்கதான் இருப்பேன்," என்றாள் அம்மா. "அவகூட. பயப்படாதீங்க."

"சரி." அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப்போனது. அடுத்த நிமிடமே கண்ணைத் திறந்தார். "ரெண்டு பேரும் கிணத்த என்ன பண்ணாங்க? படி, படி."

அம்மா படித்தாள். அண்ணனும் தம்பியும் கிணற்றைச் சுற்றிக் கரை கட்டினார்கள். அவள் ஒரு கையால் புத்தகத்தையும் இன்னொரு கையால் போர்வைக்கு வெளியே நீண்டிருந்த அவர் பாதத்தையும் பிடித்திருந்தாள். ஒரு வரியைக்கூட விடவில்லை. வெயில் கட்டிலைத் தாண்டிச் சுவரில் ஏறியது. ராத்திரி முழுக்க விழித்திருந்த ப்ரேக் மாமா சுவரோரம் சாய்ந்து லேசாகக் குறட்டை விட்டார். அப்பா கொஞ்ச நேரம் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார். பிறகு இடைவெளி விட்டுக் கொட்டினார்.

மகள் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறி இறங்கியது. நின்றது. மறுபடி ஒருமுறை ஏறி, மெதுவாக இறங்கியது. அவள் காத்திருந்தாள். அதன் பிறகு ஏறவில்லை.

மெஷினை நிறுத்த மூலைக்குப் போனாள். சுவிட்சில் விரலை வைத்தவள், அந்தச் சத்தம் நின்றால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று கையை எடுத்துக்கொண்டாள். அந்த அதிகாரம் முடியட்டும்.

அம்மா வாசித்துக்கொண்டே இருந்தாள். கரை எழும்பி முடிந்தது. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாம் குடத்தோடு வந்தார்கள். கடைசி வரியையும் முடித்தாள். பாதத்தைப் பிடித்திருந்த கையை விடாமல், நிமிர்ந்து பார்க்காமல், மற்ற கையின் விரலை நாக்கில் தொட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.